ஜப்பானில் நான் மாணவியாக இருந்த பதினெட்டு மாதங்கள்

(திருவேங்கடத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜப்பான் அனுபவத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க டீச்சர்" என்று ஆசிரியர் பயிற்றுநர் சார் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஜப்பான் என்றதும் நம் எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. புல்லட் ரயில், நேரம் தவறாமை, வகுப்பறையைத் தாங்களே கூட்டித் துடைக்கிற பிள்ளைகள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை நமக்கு வந்துவிடுகிறது. நான் சொல்லப் போவது வேறு. அங்கே ஒரு மொழி வகுப்பில் நான் மாணவியாக உட்கார்ந்த கதை. அதைச் சொல்வதற்கு முன், இங்கே என் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2013 ஜூன் மாதம். அப்போது நம் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நான் வேலை பார்த்த பள்ளியில் ஆறாம் வகுப்பில் இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். நூற்பாலை வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பம். ஒருவன் பெரியப்பா மகன், மற்றவன் சித்தப்பா மகன். பெரியவன் துறுதுறுவென்று இருப்பான். சின்னவன் வாயைத் திறக்கவே மாட்டான். ஆனால் கையெழுத்து அவ்வளவு அழகு. கரும்பலகையில் நான் எழுதுவதை ஒரு புள்ளி பிசகாமல் நோட்டில் இறக்கி வைத்திருப்பான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவான். காலாண்டுத் தேர்வில் விடைத்தாளைப் பிரித்தால், கேள்வித்தாளையே முழுவதும் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தான்.

இரண்டு பேரும் எந்நேரமும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருப்பார்கள். இப்படி இந்தியிலேயே பேசிக்கொண்டிருந்தால் தமிழ் எப்போது வரும் என்று நான் அவர்களைப் பிரித்து வைத்தேன். பெரியவன் முன் வரிசையில். சின்னவன் பின்னால், ஜன்னல் ஓரத்தில். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். வாசிக்கச் சொன்னால் 'பகல்' என்பதைப் 'பக்கல்' என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவன் பெயருக்கு எதிரே 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று எழுதினேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவன் வருவது நின்றுவிட்டது. "ஊருக்குப் போயிட்டான் டீச்சர்" என்றான் பெரியவன். மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்களா என்று கேட்டேன். வேறு எதையும் கேட்டதாக நினைவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில் நான் ஜப்பானில் இருந்தேன்.

எப்படிப் போனேன் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஜப்பான் அரசின் கல்வி அமைச்சகம் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கென்றே ஓர் உதவித்தொகை தருகிறது. பள்ளியில் ஐந்து ஆண்டு பணி அனுபவம் வேண்டும், வயது முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும். ஏறக்குறைய பதினெட்டு மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் முறைகளைப் படிக்கலாம். அதில் முதல் ஆறு மாதம் முழுக்க மொழிப் பயிற்சி. போக வர விமானச் செலவு அவர்களுடையது. அப்போது மாதம் 1,43,000 யென் தந்தார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. தடையின்மைச் சான்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன். முதல் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளை என் அம்மாவிடமும் வீட்டுக்காரரிடமும் விட்டுவிட்டுப் போனேன்.

ஹிரோஷிமாவிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் போனால் சைஜோ என்று ஒரு சிறு நகரம். அரிசியில் மது தயாரிக்கிற பழைய ஆலைகளுக்குப் பேர்போன ஊர். வெள்ளைச் சுவர்களும் உயரமான செங்கல் புகைபோக்கிகளுமாக இருக்கும். கரிசல் காட்டில் பிறந்து வெயிலிலேயே வளர்ந்த எனக்கு, அந்த ஊர்க் குளிர் முதல் மாதமே காய்ச்சலைக் கொடுத்தது.

மொழி வகுப்பில் பத்துப் பேர் இருந்தோம். இந்தோனேசியாவிலிருந்து இருவர், மற்றவர்கள் மியான்மர், மங்கோலியா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ என்று பல நாட்டுக்காரர்கள். எல்லோருமே அவரவர் ஊரில் ஆசிரியர்கள். வகுப்பை ஒரே மூச்சில் ஜப்பானிய மொழியிலேயே நடத்தினார்கள். ஆங்கிலம் கிடையாது. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், சென்சேய் என்னவோ வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, "வகரிமஷித்தா கா?" என்றார். 'புரிந்ததா?' என்று அர்த்தம். "ஹாய், வகரிமஷித்தா" என்றேன். 'ஆமாம், புரிந்தது.' ஒரு சொல்கூடப் புரியவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பத்துப் பேர் நடுவில் நான் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி வகுப்பை நிறுத்தவேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அன்று மாலை விடுதி அறைக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். கரும்பலகையில் இருந்தது முழுவதும் ஒரு கோடு பிசகாமல் என் நோட்டில் இருந்தது. எழுத்துகள் அவ்வளவு அழகு. எதற்கும் பொருள் தெரியவில்லை. அந்தப் பீகார்ப் பையனின் விடைத்தாள் கண்முன்னே வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இனி அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மொழி ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். ஜப்பானியருக்கு மூன்று வகை எழுத்து. ஹிரகானா 46, கதகானா 46. இவை ஒலியெழுத்துகள், இரண்டு மாதத்தில் வசப்பட்டுவிடும். மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த கான்ஜி. பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள் உள்ளன. முதல் வகுப்புக் குழந்தை எண்பது கான்ஜி படிக்கும். நான் ஊர் திரும்பும்போது நாலாம் வகுப்புக் குழந்தைக்குச் சமமாக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய அரிச்சுவடி வரிசையைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியம். அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய க ச த ந ப ம ய ர வ வரிசை போலவே இல்லையா? அந்த 'ஹ' பழங்காலத்தில் 'ப' ஒலியாகத்தான் இருந்ததாம். பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய எழுத்து மரபு அங்கே போனதன் அடையாளம் இது. வாக்கியமும் நம்மைப் போலத்தான், வினைச்சொல் கடைசியில் வரும். 'பள்ளிக்கு' என்பதில் நாம் 'கு' சேர்ப்பது போல அவர்கள் 'நி' சேர்ப்பார்கள். கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்போம், அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். அருகில் இருப்பதற்கு 'கோரே', கேட்பவரிடம் இருப்பதற்கு 'சோரே', தூரத்தில் இருப்பதற்கு 'ஆரே'. நம் இது, உது, அது. நாம் 'உது'வைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது வினையெச்சம். 'கைதே' என்றால் 'எழுதி'. 'கைதே மிரு' என்றால் எழுதிப் பார். 'கைதே ஒகு' என்றால் எழுதி வை. மிரு என்பதற்குத் தனியாகப் 'பார்' என்றே பொருள், ஒகு என்பதற்கு 'வை' என்றே பொருள். மெக்சிகோ ஆசிரியர் இந்தப் பாடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கோ வீட்டுக்கு வந்தது போல இருந்தது. அதேபோல, கொடுப்பதற்கு அவர்களிடம் பல வினைகள் உண்டு. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். கேட்பவரின் தகுதியைப் பொறுத்து ஈ, தா, கொடு என்று தொல்காப்பியம் பிரிப்பதை பி.எட். படிக்கும்போது மனப்பாடம் செய்திருந்தேன். அதை ஒரு நடைமுறையாக வாழ்கிற மனிதர்களை அங்கேதான் பார்த்தேன்.

உடனே "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். 2008இல் மறைந்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. இதே வாக்கிய வரிசை கொரிய மொழியிலும் மங்கோலிய மொழியிலும் துருக்கி மொழியிலும் உண்டு. எங்கள் வகுப்பில் மங்கோலிய ஆசிரியர்தான் முதலாவதாக வந்தார். நான் இல்லை.

என் இடறல் வேறு இடத்தில் இருந்தது. நான் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுத்தேன். நமக்கு க ஒன்றுதான். அவர்களுக்கு வல்லொலி க வேறு, மெல்லொலி க வேறு. சாவிக்கு ஒரு சொல், சீமைப்பனிச்சை என்று நாம் சொல்கிற ஆரஞ்சு நிறப் பழத்துக்கு ஒரு சொல். என் நோட்டில் இரண்டுமே 'ககி'. ஒரு நாள் அறைச் சாவியைத் தொலைத்துவிட்டு விடுதி அலுவலகத்தில் போய், "என் பழத்தைக் காணோம்" என்று நின்றேன். அந்த அம்மா ரொம்ப மரியாதையாக, "அது எங்கே வாங்கியது?" என்று கேட்டார். இப்போது சிரிக்கலாம். அப்போது எனக்கு 'பக்கல்' ஞாபகம் வந்தது. அந்தப் பையனுடைய மொழியில் க, க்க, மெல்லிய க, அழுத்திய க என்று நாலுக்கும் நாலு எழுத்து. நாம் ஒரே எழுத்தைக் கொடுத்து, எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று சொல்லித் தராமலே வாசிக்கச் சொல்கிறோம். எனக்கு இருந்த அதே சிக்கல், அவனுக்குத் தலைகீழாக இருந்திருக்கிறது. அவன் தவறாக வாசிக்கவில்லை. எழுத்தைப் பார்த்து, அவனுக்குத் தெரிந்த ஒரே ஒலியை வாசித்தான்.

எங்கள் வகுப்பில் இந்தோனேசிய ஆசிரியைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் மொழியில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார்கள். சென்சேய் ஒருநாளும் அவர்களைப் பிரிக்கவில்லை. எனக்கு அது குறையாகத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து மாணவர் அறையில் பேச்சு வந்தபோது கேட்டேன். "அவர்கள் பாடத்தைத்தான் பேசுகிறார்கள். ஒருவருக்குப் புரிந்ததை மற்றவருக்குச் சொல்கிறார். என் வேலையில் பாதியை அவர்களே செய்கிறார்கள்" என்றார். எனக்கு அங்கே அப்படி ஆள் கிடையாது. தமிழில் "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் இரண்டு மாதம் அப்படிக் கழிந்திருக்காது. எனக்குக் கிடைக்காத ஆள் அந்தப் பையனுக்கு இருந்தான். நான்தான் ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினேன்.

வகுப்பில் இலக்கணம் வந்ததே தவிர பேச்சு வரவில்லை. பேச்சு வந்த வழி குப்பை வழி. சிரிக்காதீர்கள். ஜப்பானில் எந்தக் குப்பையை எந்தக் கிழமை வெளியே வைக்கவேண்டும் என்று கணக்கு உண்டு. நான் எரிக்கிற குப்பையைத் தப்பான நாளில் வைத்துவிட்டேன். பையில் ஒரு சீட்டு ஒட்டி அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். சீட்டை வாசிக்கத் தெரியாமல் நின்றபோது எதிர்வீட்டு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு தாளில் மீன் முள், பாட்டில், பழைய துணி என்று படம் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிழமையை ஹிரகானாவில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அழாத குறை. மரியாதையாக இருக்கட்டும் என்று, "நன்றி ஒபாசான்" என்றேன். 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. குறில் நெடில் வித்தியாசம் நமக்குத் தெரியாததா? யோசித்துத்தான் பாட்டி என்றேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். வளர்ந்தவர்கள் அங்கே பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரை 'ஆச்சி' என்று கூப்பிட்டால் அவர் பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை வரை எடுத்துக் காட்டுவார். அங்கே அது செல்லாது.

அந்த அம்மாதான் என்னை ஊர்ப் பொதுக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். கோமின்கன் என்பார்கள். சனிக்கிழமை தோறும் அங்கே வெளிநாட்டவருக்கு மொழி வகுப்பு. நடத்துபவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஒரு முன்னாள் தபால்காரர். நம் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களை நினைத்துக்கொள்ளுங்கள், வயதை மட்டும் முப்பது கூட்டிக்கொள்ளுங்கள். எதிரே உட்காருபவர் பாதிப் பேர் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வியட்நாம், பிரேசில், பிலிப்பைன்ஸ் நாட்டவர். புத்தகம் பெயருக்குத்தான். "இந்த வாரம் என்ன சமைத்தீர்கள்?" என்று தொடங்கும். நான் பருப்பு வடை சுட்டுக்கொண்டு போன நாளில், அதில் என்ன இருக்கிறது என்று விளக்குவதற்குள் ஒரு மாதப் பாடத்துக்கான சொற்கள் வந்துவிட்டன. கடலைப்பருப்பு என்று சொல்லத் தெரியாமல் "சின்ன, மஞ்சள், உடைத்த அவரை" என்றேன். தபால்காரருக்குப் புரிந்துவிட்டது.

அங்கே கவனித்த இன்னொன்று. நாம் பேசும்போது எதிரில் இருப்பவர் விடாமல் "ம்", "ஆமாம்", "அப்படியா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். கொல்லன் பட்டறையில் ஒருவர் அடித்ததும் மற்றவர் மாற்றி அடிக்கிற சுத்தியலிலிருந்து வந்த சொல். என் தாத்தா கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். ஆகவே இது எனக்குப் புதிதில்லை. ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் பேசும்போது நான் உம் கொட்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தப்பு எங்கே வரும் என்று காத்துக்கொண்டு நிற்பேன்.

தமிழர்களைப் பற்றிக் கேட்பீர்கள். தோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் இந்தியர்கள், அதிலும் கணினித் துறைத் தமிழர்கள் நிறைய. எங்கள் ஊரில் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் சாம்பார் கொதிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் பாதியில் திரும்பியிருப்பேன். மகள் போனில் "எப்பம்மா வருவ?" என்று கேட்ட வாரங்களில் அதுதான் என்னைத் தாங்கியது. அதே கூட்டத்தில் நாலு வருடமாகியும் கடையில் "பை வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத ஒருவரும் இருந்தார். வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்துவிட்டார் போல. அவரைக் குறை சொல்லவில்லை. ஆய்வகத்தில் எல்லோரும் அவரிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அவருக்கு ஓர் எதிர்வீட்டு அம்மா அமையவில்லை.

இரண்டாம் ஆண்டில் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் பிரேசிலிலிருந்து வந்த சிறுமி. 1990இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முன்பு பிரேசிலுக்குப் போன ஜப்பானியரின் வழிவந்தவர்கள் பலர் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். மொழி தெரியாத அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே தனியாக ஜப்பானிய மொழி சொல்லித் தருவதை, 2014 ஏப்ரலிலிருந்து முறையான பாடத்திட்டமாகவே நடத்தலாம் என்று விதி செய்தார்கள். அந்தச் சிறுமியை வாரத்தில் சில பாடவேளைகளுக்கு வேறு அறைக்கு அழைத்துப் போனார்கள். மற்ற நேரம் வகுப்போடுதான். கணக்கு ஆசிரியர் அவளுடைய பயிற்சித்தாளில் ஒவ்வொரு கான்ஜிக்கும் மேலே சின்ன ஹிரகானாவில் ஒலியை எழுதியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். கணக்கு அதே கணக்கு. கணக்கில் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி.

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். அந்த அறையின் ஆசிரியை மூன்று பள்ளிகளுக்குப் பொறுப்பு. பள்ளிக்கே வராத வெளிநாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக் கல்வி சட்டப்படி கட்டாயம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் கட்டாயக் கல்விச் சட்டம் மேல். வந்த பிள்ளை எந்த ஊர் என்று பார்க்காமல் நாம் சேர்த்துக்கொள்கிறோம். சேர்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

'எளிய ஜப்பானிய மொழி' என்று ஒன்று அங்கே உண்டு. 1995 ஜனவரியில் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோது, அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர்கள் பெரிதும் தவித்தார்கள். அதற்குப் பிறகு மொழியறிஞர்கள் உட்கார்ந்து, கடினச் சொற்களை விலக்கிச் சின்ன வாக்கியங்களில் அறிவிப்பு எழுதும் முறையை உருவாக்கினார்கள். 'ஹினன்' என்பது அவர்கள் அறிவிப்புச் சொல், நாம் 'பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறுதல்' என்கிறோமே அது போல. அதற்குப் பதில் 'நிகெதெ' என்றார்கள். ஓடித் தப்பு. நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2014 ஆகஸ்ட் 20 அதிகாலையில், ஹிரோஷிமா நகரின் மலையடிவாரக் குடியிருப்புகளில் மண் சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கோமின்கனில் முதல் நாள் எனக்குச் சொல்லித் தந்த சொற்களில் 'நிகெதெ'யும் ஒன்று. இன்னும் இரண்டு வாக்கியங்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். "வகரிமசென்." புரியவில்லை. "மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்." தயவுசெய்து இன்னொரு முறை. வணக்கத்தைவிட முன்னதாக இந்த இரண்டையும் சொல்லப் பழக்கினார்கள். சத்தமாக, நாலு முறை. புரியவில்லை என்று சொன்னதற்காகக் கை தட்டினார்கள்.

2016 மார்ச்சில் கிளம்பினேன். எதிர்வீட்டு அம்மா ரயில் நிலையம் வரை வந்தார். அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'இத்தெ கிமாஸ்' என்பார்கள். போய் வருகிறேன். நம்மைப் போலவே, 'போறேன்' என்று சொல்வதில்லை. நான் சயோனாராவை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் 'போய் வா' என்று சொன்னதும் எனக்குப் பதில் வரவில்லை.

திரும்பி வந்து நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். "புரிஞ்சுதா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்பதை விட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும் என்று எனக்கு இப்போது தெரியும். அதற்குப் பதிலாக, "நான் என்ன செய்யச் சொன்னேன், நீ சொல்லு" என்கிறேன். ஒரே மொழி பேசும் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கிறேன். வட மாநிலப் பிள்ளைகள் என்று இல்லை. நம் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனை? முதல் வகுப்புக்கு வரும் குழந்தை 'நீள்ளு' என்று கேட்டால் தண்ணீர் கேட்கிறது என்று புரிந்துகொள்ள நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்தக் குழந்தைக்குப் பேச்சு சரியில்லை என்று எழுதுகிறோம்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்க்கிறோம். நல்ல ஏற்பாடு. தொடக்க நிலை ஆசிரியர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அரும்பில் இருக்கிற பிள்ளை எழுத்து தெரியாத பிள்ளையா, மொழி தெரியாத பிள்ளையா? அவன் மொழியிலேயே ஒரு கூட்டல் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோரை அல்லது கூடப் பிறந்தவனை வைத்துக் கேளுங்கள். விடை டக்கென்று வந்தால், பதிவேட்டில் எழுதும் முன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை. பெரியவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவன் முன் வரிசையில்தான் இருந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெரியவனை சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மீசை வைத்திருந்தான். நல்ல தமிழ் பேசினான், நம் ஊர்த் தமிழ். தம்பி எங்கே என்று கேட்டேன். "அவன் அதுக்கப்புறம் படிக்கல டீச்சர். சூரத்துல வேலை பாக்கான்" என்றான். நான் கேட்டதாகச் சொல் என்றேன். சொல்வதாகச் சொன்னான்.

கடைசியாக ஒன்று. இந்த அட்டையைப் பாருங்கள். ஐந்து வாக்கியங்கள். 'எனக்குப் புரியவில்லை.' 'இன்னொரு முறை சொல்லுங்கள்.' 'தண்ணீர் குடிக்கவேண்டும்.' 'கழிப்பறைக்குப் போகவேண்டும்.' 'வயிறு வலிக்கிறது.' மேலே பிள்ளையின் மொழி, கீழே தமிழ், அதன் கீழே அதே தமிழ் அவன் எழுத்தில். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் இதைத்தான் கொடுக்கிறேன். பெற்றோர்களை வைத்து எழுதியது. இந்தி தயார், ஒடியா தயார், தெலுங்கு நம் சத்துணவு அமைப்பாளர் அக்கா எழுதித் தந்தார். வங்காளத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உங்கள் பள்ளியில் வங்காளம் எழுதத் தெரிந்த பெற்றோர் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போன வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை சேர்ந்திருக்கிறாள்.